பக்கத்து சீட்

ஏறும்மா, ஏறு. யோசிக்காத. பின்னாடி ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சே என் உயிர வாங்கிருவான். கதவ இழுத்துச் சாத்து. இன்னும் கொஞ்சம் அழுத்தி... ஆங், அவ்ளோதான். பெல்ட் போட்டுக்கோ. போடலன்னா இந்த வண்டி கத்திக்கிட்டே வரும், எனக்குத் தலைவலி வந்துரும்.

நீ பயந்துட்ட, எனக்குத் தெரியும். யாரோ ஒரு பொம்பள திடீர்னு காரக் கொண்டாந்து நிறுத்தி, வாம்மா ஏறுன்னா யாருக்குத்தான் பயம் வராது? ஆனா நான் உனக்குப் புதுசுதானே தவிர, நீ எனக்குப் புதுசு இல்ல. மூணு நாளா பாக்கறேன். இதே திருமுல்லைவாயல் ஸ்டாப்பு, அந்த ஜூஸ் கடை நிழல்ல நிப்ப. திங்கக்கிழமை பச்சை சுடிதாரு. நேத்து குடை வச்சிருந்த. நேத்தே நிறுத்தலாம்னு பாத்தேன், அதுக்குள்ள ஒரு பஸ்ஸு குறுக்க வந்துருச்சு.

பேரு என்ன? நிரோஷாவா. நல்ல பேரு. நான் பூங்கோதை. அன்னனூர்ல வீடு, பாரிமுனையில ஆபீசு. சூப்பரின்டெண்டா இருக்கேன். நீ எதுவரைக்கும்? அண்ணா நகரா? கண்ணாடிக் கடையில வேலையா? அட, என் வழிதான். உன்ன கடை வாசல்லயே இறக்கி விட்டுருவேன். சிரமமெல்லாம் ஒண்ணும் இல்ல. பஸ்ஸு வருதான்னு திரும்பித் திரும்பிப் பாக்காத. வந்தாலும் அதுல படியில ஒத்தக் கால வைக்கத்தான் இடம் இருக்கும்.

ஏசி மூஞ்சியில அடிக்குதா? அந்தச் சின்னத் தகட்ட இப்படித் திருப்பி விட்டுக்கோ. ஜன்னல் பட்டன மட்டும் தொடாத, தூசி உள்ள வரும்.

இந்த வண்டி போன ஆயுத பூஜைக்கு எடுத்தது. அதுக்கு முன்னாடி இருபத்திரெண்டு வருசம் எலக்ட்ரிக் டிரெயின்தான். எட்டு நாப்பது லோக்கல். அன்னனூர்ல ஏறினா சென்ட்ரல்ல இறங்கறது. அம்பது நிமிசம். பேசின் பிரிட்ஜுல சிக்னல் போடாம நிறுத்தி வச்சான்னா ஒரு மணி நேரம். இப்ப? இப்ப ஏழே முக்காலுக்குக் கிளம்பறேன், ஆபீஸ்ல போய் உக்கார பத்து அடிக்குது. சில நாள் பத்தேகால். ஆனா சுகமா போறோம்ல? யாரும் கால மிதிக்கிறதில்ல. யாரு முழங்கையும் யாரு விலாவுலயும் குத்தறதில்ல. வேர்வை நாத்தம் கிடையாது. அத யோசிச்சுப் பாரு.

எனக்கு முட்டி வலி. அன்னனூர் ஸ்டேஷன் படி ஏறி இறங்க முடியல. அது ஒண்ணு. இன்னொண்ணு, சூப்பரின்டெண்ட் ஆனதும் ஆபீஸ்ல பியூன் கேட்டான், மேடம் இன்னுமா டிரெயின்ல இடிபட்டு வர்றீங்கன்னு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. அம்பத்திமூணு வயசுல டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன். என் பையன விடச் சின்னவன் ஒருத்தன் பக்கத்துல உக்காந்துகிட்டு, ஆன்ட்டி கிளட்சு ஆன்ட்டி கிளட்சுன்னு கத்துவான். ரெண்டாவது தடவைதான் லைசென்ஸு குடுத்தாங்க. எங்க வீட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, ரிட்டயர் ஆகற வயசுல உனக்கு எதுக்குடி இந்த ஆசைன்னு. சொல்லிட்டு பெங்களூருக்குப் போயிட்டாரு, பையன் வீட்டுக்கு. பேத்திய ஸ்கூல் வேன்ல ஏத்திவிட ஆள் இல்லையாம். பத்து நாள்னு போனாரு, ஒன்பது மாசம் ஆகுது. எனக்கு நிம்மதிதான். ஒரு டம்ளர் அரிசி வச்சா ரெண்டு வேளைக்கு வருது. ரிமோட்டு என் கையில. கேக்க ஆள் இல்ல.

என்ன தேடுற பையில? பிஸ்கட்டா? சாப்பிடலயா காலையில? அடடா. சாப்பிடு, சாப்பிடு... இல்ல, தூள் சீட்டு இடுக்குல போச்சுன்னா எறும்பு வரும், அதுக்காகப் பாக்கறேன். சரி, கடைக்குப் போய் நிதானமா சாப்பிட்டுக்கோ. எங்க போயிடப் போகுது பிஸ்கட்டு.

டிரெயின்ல நாங்க நாலு பேரு. ரெஜினான்னு ஒருத்தி, என் வயசு. பார்க் டவுன் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல கிளார்க்கு. எங்க தெருவுக்கு அடுத்த தெரு, நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து பழக்கம். அப்புறம் தில்ஷாத்து, ஆவடியில ஏறுவா, மின்ட் தெருவுல ஒரு ரெடிமேட் கடைக்குத் தைக்கிற இடத்துல சூப்பர்வைசரு. கடைசியா இளவரசி, உன்ன மாதிரி சின்னப் பொண்ணு, ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிறவ. அவ உங்க திருமுல்லைவாயல்தான். லேடீஸ் கம்பார்ட்மெண்டுல எஞ்சின் பக்கத்துல இருந்து ரெண்டாவது ஜன்னல். அதுதான் எங்க இடம். தில்ஷாத்து ஆவடியில வண்டி காலியா இருக்கும்போதே ஏறி மூணு கர்சீப்பு போட்டு வச்சிருவா. இருபத்திரெண்டு வருசத்துல எனக்கு இடம் போடாத நாள் கிடையாது. நான் லீவுன்னு தெரிஞ்சாதான் அந்த இடத்த வேற ஆளுக்கு விடுவா.

அதுல பண்ணாதது இல்ல. அவரைக்காய் நறுக்குவோம், பூக்கட்டுவோம், மத்தவ மாமியார நார் நாரா கிழிப்போம். இளவரசிக்குக் கல்யாணப் புடவை நாங்கதான் செலக்ட் பண்ணோம், போட்டோவ ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளி, வில்லிவாக்கம் வர்றதுக்குள்ள. எருமை, பிசாசு, மூதேவி, எல்லாம் சொல்லிக்குவோம். நான்தான் எல்லாத்துக்கும் முன்னாடி நிப்பேன். இவளுக்குச் சீட்டு குடு, நீ எந்திரி, ஜன்னல மூடு, மழை வருது பாருன்னு. இவதான்டி இந்தக் கம்பார்ட்மெண்டுக்கே சூப்பரின்டெண்டுன்னு ரெஜினா சொல்லுவா. ஆபீஸ்ல ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே சொன்னா.

போன் அடிக்குது பாரு உனக்கு. எடும்மா. யாரு, அம்மாவா? நான் வேணா ரெண்டு வார்த்தை பேசட்டுமா, பயப்படாதீங்க, என் கூடத்தான் இருக்கான்னு? வேணாமா. சரி, நீ பேசு, நான் கேக்க மாட்டேன்... வச்சிட்டியா? என்ன, பாடியில இறங்கிடறேன்னு சொல்ற? பாடியில உனக்கு என்ன வேலை? இல்லம்மா, நான் அண்ணா நகர் வழியாத்தான் போறேன். பாடியில இறங்கி அங்கேருந்து இன்னொரு பஸ்ஸு புடிப்பியா? பேசாம உக்காரு.

எங்க விட்டேன்? ஆங். வண்டி வந்ததும் நான் முதல்ல என்ன சொன்னேன் தெரியுமா? வாங்கடி, நாலு பேருக்கு நாலு சீட்டு, இனிமே யாரும் இடிபட வேணாம்னு சொன்னேன். எவ சொல்லுவா அப்படி? ஆபீஸ்ல அக்கவுண்டன்டு ஒருத்தரு எங்க ஏரியாதான், நானும் கூட வரட்டுமான்னு கேட்டாரு, நான் சிரிச்சு மழுப்பிட்டேன். இவளுங்களுக்குத்தான்னு வச்சிருந்தேன். சந்தோசமாத்தான் வந்தாளுங்க. முதல் நாள் ரெஜினா வண்டிக்கு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து, அவ கிறிஸ்டீனு, அவ கையால நாலு டயருக்கும் அடியில வச்சா. தில்ஷாத்து என்ன பண்ணுவா தெரியுமா? ஆவடியில டிரெயின் ஏறி, ஒரே ஸ்டேஷன் வந்து அன்னனூர்ல இறங்கி, ஓடி வந்து என் கார்ல ஏறுவா. பாதி தூரம் பேசாம அதே டிரெயின்ல போயிருக்கலாம். ஆனா வந்தா. பாசம்தானே?

நானும் அவங்களுக்கு ஒரு குறையும் வைக்கல. ரெண்டு மூணு விசயம் சொன்னேன், அவ்ளோதான். காய் நறுக்காதீங்கடி, கத்தி பட்டுச்சுன்னா சீட்டு கிழிஞ்சிரும்னு. மல்லிப்பூ வச்சுட்டு வராதீங்க, ஏசி போட்டா அந்த வாசனை எனக்கு மண்டைய இடிக்குதுன்னு. சுண்டல் வேணாம்னு. ஒண்ணும் தப்பில்லையே? உன் வீட்டுக்குள்ள வந்தா செருப்பக் கழட்டிட்டு வான்னு நீ சொல்ல மாட்ட?

ஆனா ஒண்ணு சொல்றேன். டிரெயின்ல எதிரெதிர உக்காருவோம். முட்டியும் முட்டியும் இடிக்கும். ஒருத்தி கண்ணு கலங்கினா மத்தவளுக்குத் தெரிஞ்சிரும், என்னடி ராத்திரி சண்டையான்னு கேட்டுருவோம். கார்ல அது வரல. பின்னாடி மூணு பேரு என் பிடரியப் பாத்துட்டு வருவாங்க. நான் ரோட்டப் பாக்கணும். இவளுங்க சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. என்னடி, என்னடின்னு கேட்டுட்டே ஓட்டுவேன். ஒரு நாள் இந்தக் கண்ணாடிய ரெஜினா மூஞ்சி தெரியற மாதிரித் திருப்பி வச்சேன். ஒரு ஆட்டோவ நூலிழையில இடிக்காம விட்டேன், அவன் இறங்கி வந்து எங்க அம்மாவ இழுத்துத் திட்டினான்.

அப்புறம் இளவரசி. மூணு மாசம் அவளுக்கு. வண்டி வாசனையும் ஏசியும் ஒத்துக்கல, கொரட்டூர் கிட்ட வாந்தி எடுத்துட்டா. நான் ஒரு வார்த்தை சொல்லல. சத்தியமா. வண்டிய ஓரங்கட்டி, தண்ணி குடுத்து, வாயத் துடைச்சு விட்டு, பேப்பர் வாங்கிட்டு வந்து சீட்டத் துடைச்சேன். மறுநாள் வாட்டர் வாஷுக்கு விட்டேன். அதுக்கு மறுநாள் பின் சீட்டுல ஒரு பிளாஸ்டிக் உறை போட்டேன். அது ஒரு பாதுகாப்புக்குத்தானே? அவ ஏறி உக்காந்தா சரசரன்னு சத்தம் வந்துச்சு. அக்கா, டாக்டரு ரோட்டுல குலுங்கக் கூடாதுன்னுட்டாரு, டிரெயின்லயே போறேன்னா. டாக்டர் சொன்னா கேக்கணும்தான். நான் ஒண்ணும் நினைக்கல.

நிக்குது பாரு டிராஃபிக்கு. இது அம்பத்தூரு. இங்க ஒரு பத்து நிமிசம் எப்பவும் நிக்கும். இந்த எலெக்ட்ரிக் கடை போர்டு இருக்கே, அதுல எத்தன பல்பு எரியலன்னு என்னைக் கேளு, சொல்றேன். ஏழு.

இரு. கேக்குதா? ஜன்னல கொஞ்சம் இறக்கு... பரவால்ல, தூசி வந்தா வரட்டும். ஹாரன் கேக்குதா? அதான் எட்டு நாப்பது. தினமும் இந்த இடத்துலதான் அது என்னைத் தாண்டிப் போகும். நான் அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வீட்ட விட்டுக் கிளம்பினவ. சரி, ஏத்திரு ஜன்னல.

ரெஜினா விசயத்துக்கு வர்றேன். மார்கழி மாசம், ஒரு புதன்கிழமை. இளவரசி நின்னதுக்கப்புறம் ரெஜினா முன்னாடி வந்துட்டா, இதே நீ உக்காந்திருக்கிற சீட்டுக்கு. தில்ஷாத்து பின்னாடி. பாடி பாலத்துக்கு முன்னாடி சரியா மாட்டிக்கிட்டோம், நாப்பது நிமிசம். தில்ஷாத்து வில்லிவாக்கம் வழியா விட்டிருக்கலாம்ங்கறா. ரெஜினா, டிரெயின்ல வந்திருந்தா இந்நேரம் பேசின் பிரிட்ஜுல சுண்டல் தின்னுட்டு இருப்போம்டிங்கறா. எனக்கு முட்டி வலி, கிளட்ச மிதிச்சு மிதிச்சு கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், ஓசியில வர்றவளுக்கு வாயப் பாருன்னு.

அவ்ளோதான் சொன்னேன். ஓசியில வர்றவளுக்கு வாயப் பாரு.

இதுல என்ன இருக்கு சொல்லு? டிரெயின்ல அவ என்னைச் சொல்லாத ஓசியா? தில்ஷாத்து பூவுல நான் ஒரு முழம் கேட்டா, வந்துட்டா பாரு ஓசிப் பூவுக்குன்னுவா. ஓசிப் பேப்பரு, ஓசிச் சுண்டல், ஓசி வெத்தலை. சிரிச்சுச் சிரிச்சு கண்ணுல தண்ணி வரும். அதே வார்த்தைதானே? ஆனா அன்னைக்கு ஒருத்தியும் சிரிக்கல. நான் திரும்பிப் பாக்கறேன், ரெஜினா பைய எடுத்து மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நேரா ரோட்டப் பாக்கறா. என்னடி, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டன்னேன். ஒண்ணும் இல்லயேன்னா. டிரெயின்ல ஒவ்வொருத்தி பையிலயும் அவ அவ சீசன் டிக்கெட்டு இருந்துச்சு, அதனால அந்த வார்த்தை யாரு மேலயும் ஒட்டல. இது எனக்கு அப்புறமாத்தான் தோணுச்சு. தோணி என்ன பண்றது? அதுக்காக நான் போய் கால்ல விழணுமா? தோழின்னா ஒரு வார்த்தையத் தாங்க மாட்டாளா?

மறுநாள் போன் பண்றா, கோதை, ஸ்டேஷன் பக்கம் ஒரு வேலை இருக்கு, நான் இன்னைக்கு டிரெயின்ல போயிடறேன்னு. அதுக்கு மறுநாளும் ஸ்டேஷன் பக்கம் வேலை. நாலு நாள் வேலை. அப்புறம் போனே பண்ணல. தில்ஷாத்து மட்டும் ஒரு வாரம் வந்தா, பாவம். பின் சீட்டுல பிளாஸ்டிக் உறை மேல தனியா உக்காந்து. முன்னாடி வான்னாலும் வரல, அது ரெஜினா இடம்ங்கறா. அப்புறம் அவளும் நின்னுட்டா.

போகட்டும். விட்டது தொல்லைன்னு நான் பாட்டுக்கு ஓட்டினேன். பாட்டு போட்டுக்கலாம். நியூஸ் கேக்கலாம். நானே பேசிக்கலாம், யாரு கேக்கப் போறா? ஒரு நாள் சிக்னல்ல பக்கத்துக் கார்க்காரன் என்னையே பாக்கறான். என்னன்னு பாத்தா, நான் கையெல்லாம் ஆட்டி ஆட்டி ரெஜினா கிட்ட சண்டை போட்டுட்டிருக்கேன். சீட்டு காலி. போன்ல பேசறேன்னு அவன் நினைக்கட்டும்னு காதுல கைய வச்சுக்கிட்டேன்.

தங்கம், அந்தக் கைப்பிடியத் திருகாத, ஓடற வண்டியில அது திறக்காது. என்ன, இங்கயே இறங்கிக்கறியா? இங்க எங்கம்மா இறங்குவ, நடு ரோட்டுல? பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்ல, ஃப்ரீதான், தெரியும். உன்ன யாரு டிக்கெட்டு கேட்டா? இன்னும் ரெண்டே சிக்னல். கதைய முடிச்சிடறேன், பாதியில விட்டா எனக்கு நாள் பூரா நெஞ்சக் கரிக்கும்.

பங்குனியில வண்டிய சர்வீஸுக்கு விட்டேன். ஒரு நாள் வேலை. முந்தின நாள் சாயங்காலமே ரெஜினாவுக்கு வாட்ஸப்புல போட்டேன், நாளைக்கு டிரெயின்ல வர்றேன், வண்டி இல்லன்னு. ரெண்டு நீலக் கோடும் வந்துச்சு. பதில் வரல, ஆனா பாத்துட்டா. காலையில சீக்கிரமே எந்திரிச்சு நிறைய சுண்டல் தாளிச்சேன். தேங்காய் போட்டு, மாங்காய் நறுக்கிப் போட்டு. மல்லிப்பூ வச்சுக்கிட்டேன். அன்னனூர் படி ஏறும்போது முட்டி வலிக்கவே இல்ல, நம்பு.

வண்டி வருது. எஞ்சின் பக்கத்துல இருந்து ரெண்டாவது ஜன்னல். ஏறிப் பாக்கறேன், எனக்கு முன்னாடி ஏறி உக்காந்துட்ட ரெஜினாவுக்கு எதிர் சீட்டுல ஒரு கர்சீப்பு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? என்னதான் இருந்தாலும் இடம் போட்டிருக்காளுங்க பாருன்னு நினைச்சேன். கர்சீப்ப எடுத்துட்டு தடால்னு உக்காந்தேன். ஏய் பிசாசுகளா, எப்படிடி இருக்கீங்கன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சாளுங்க, அடுத்த ஸ்டேஷன்ல ஏறின இளவரசியும் சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சாளுங்க.

ரெண்டு ஸ்டேஷன் தாண்டி அம்பத்தூர்ல ஒருத்தி ஏறினா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஐ.டி. கார்டு தொங்கவிட்டுக்கிட்டு. நேரா எங்க இடத்துக்கு வந்தா. வந்து, என் மடியில இருக்கிற கர்சீப்பப் பாத்தா. மேல கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டா. அது அவ இடம். எனக்குப் போடல, அவளுக்குப் போட்டது. நான் எந்திரிக்கப் போனேன். அப்போ ரெஜினா சொன்னா, பரவால்ல, நீங்க உக்காருங்க மேடம்.

மேடம்னாம்மா. ரெஜினா. என் பிரசவத்துல என் கூட ஆஸ்பத்திரியில இருந்தவ. எருமைன்னு கூப்பிட்டிருக்கலாம். ஓசின்னு கூப்பிட்டிருக்கலாம்.

அப்புறம் சுண்டல் டப்பா சுத்தி வந்துச்சு. என்னுது இல்ல, தில்ஷாத்து டப்பா. என்னுத நான் பையில இருந்து எடுக்கவே இல்ல. எல்லாரும் கைய விட்டு அள்ளறாளுங்க. அந்தப் புதுசு, நின்னுக்கிட்டே ஒரு கை அள்ளிக்கிறா. எனக்கு மட்டும் இளவரசி ஒரு பேப்பரக் கிழிச்சு, அதுல அளவா வச்சு, ரெண்டு கையாலயும் நீட்டறா. முதல்ல எனக்குத்தான். விருந்தாளிக்குக் குடுக்கற மாதிரி. வயிறு நல்லா பெருசாயிருந்துச்சு அவளுக்கு. வளைகாப்பு ஆயிடுச்சாடின்னு கேட்டேன். போன வாரம்தான் மேடம், இங்கயே பண்ணிட்டாங்கன்னு கைய நீட்டினா. முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். இருபத்திரெண்டு வருசம் அந்தக் கம்பார்ட்மெண்டுல நடந்த வளைகாப்பு ஒவ்வொண்ணுக்கும் முதல் வளையல் போட்டவ நான்.

எனக்கு பெரம்பூர்ல ஒரு வேலை இருக்குன்னு சொல்லி பெரம்பூர்லயே இறங்கிட்டேன். பிளாட்பாரத்துல பெஞ்சுல உக்காந்து அந்தப் பேப்பர் சுண்டலத் தின்னேன். அழுதுக்கிட்டேதான் தின்னேன், என்ன இப்போ? அங்க யாருக்கு என்னைத் தெரியும்? ஆட்டோ புடிச்சு ஆபீஸ் போனேன். மறுநாள் வண்டி வந்துருச்சு.

இப்ப நீ நினைப்ப, மறுபடியும் டிரெயின்லயே போக வேண்டியதுதானேன்னு. போகலாம். சீசன் டிக்கெட்ட நான் இன்னும் மாசா மாசம் புதுப்பிச்சுட்டுத்தான் இருக்கேன், அவசரத்துக்கு வேணும்ல. ஆனா நான் எதுக்குப் போகணும்? என் கிட்ட வண்டி இருக்கு. ஏசி இருக்கு. அவளுங்களா வந்து, கோதை, வாடின்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டும், அன்னைக்கே இந்த வண்டிய வித்துட்டுப் போறேன்.

அதுவரைக்கும் பக்கத்துல ஒரு ஆள் இருந்தா போதும். அவ்ளோதான் எனக்கு. ரெண்டு மணி நேரம் இந்த டப்பாவுக்குள்ள ஒத்தையா உக்காந்து வர்றது இருக்கே, நிரோஷா, அது கொல்லுதும்மா. ஆபீஸ்ல நான் மேடம். வீட்டுல சுவரு. போன மாசம் உங்க ஸ்டாப்புலயே ஒரு நர்சிங் படிக்கிற பொண்ணு, மூணு நாள் என் கூட வந்தா. நல்ல பொண்ணு, நான் பேசப் பேச தலைய ஆட்டிக்கிட்டே வருவா. நாலாவது நாள் காணோம். லீவு போல. அதுக்கடுத்த ஸ்டாப்புல அவள மாதிரியே ஒருத்தி நின்னா, என் வண்டியப் பாத்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அவளா இருக்காது. அவ எதுக்கு அவ்ளோ தூரம் நடந்து போய் நிக்கப் போறா?

நீ நாளைக்கு எட்டு மணிக்கு அங்கயே நில்லு. நான் ஹாரன் அடிக்க மாட்டேன், லைட்டு போடுவேன். பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கோ, நான் ஒண்ணும் சொல்லல. தூள் விழுந்தா விழட்டும். பூ வச்சுக்கிட்டு வா. தினமும் உன்னைக் கடை வாசல்ல...

என்னம்மா? இங்கயேவா? இது பாடிதான், ஆனா இன்னும் பாலம் ஏறலயே. ஃப்ரெண்டு நிக்கறாளா? எங்க, எனக்கு யாரும் தெரியலயே. சரி, சரி, அழாத. எதுக்குக் கண்ணு கலங்கற? நான் ஓரங்கட்டறேன். இரு, அந்தப் பைக்கு போகட்டும். உன் நம்பர மட்டும் சொல்லிட்டுப் போ, நாளைக்கு நான் கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். சொல்லு. தொண்ணூத்தெட்டு... நாப்பத்திரெண்டு... மெதுவா சொல்லு, பதினேழு... ஆங், போட்டுக்கிட்டேன். பாத்து இறங்கு. போயிட்டு வாம்மா. நாளைக்கு எட்டு மணி!

ஓடறா பாரு. சின்ன வயசுக் காலாச்சே, என்னா வேகம்.

நம்பர் சரியா போட்டேனான்னு ஒரு தடவை அடிச்சுப் பாத்துருவோம். ரிங் போகுது. அதோ, அந்த பஸ் ஸ்டாப்புல போய் நின்னுட்டா. போனு கையிலதான் வச்சிருக்கா. ரிங் போயிட்டே இருக்கு. குனிஞ்சுகூடப் பாக்கல.

ஹலோ? நிரோஷா... யாருங்க? நிரோஷா இல்லீங்களா? ராங் நம்பரா. சாரிங்க. இல்ல, இப்பத்தான் ஒரு பொண்ணு குடுத்துட்டுப் போச்சு. அவசரத்துல ஒரு நம்பர மாத்திச் சொல்லியிருக்கும். நல்ல பொண்ணுதான்.

வச்சிடாதீங்க. அம்மா, வச்சிடாதீங்க, ஒரு நிமிசம். உங்க குரலக் கேட்டா என் வயசுதான் இருக்கும் போல. எந்த ஊரு? ஒட்டன்சத்திரமா? மார்க்கெட்டுலயா வேலை? எதுல போவீங்க, பஸ்லயா? நடந்தேவா? இப்ப நடந்துட்டுத்தான் இருக்கீங்களா? கூட யாரு வர்றாங்க? எத்தன பேரு?

இல்லம்மா, எனக்கு உங்ககிட்ட ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. நான் கார்ல இருக்கேன், மெட்ராசுல. முன்னாடி பாலம் முழுக்க நிக்குது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் போய்ச் சேர. போனக் கையிலயே வச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்கு அவங்களோட பேசிட்டே நடங்க. நான் ஒண்ணும் பேசல. கேட்டுட்டு மட்டும் வர்றேன்.